கைகள் மட்டும் வந்தால் போதும்

"கையைக் காட்டு" என்றார்கள். காட்டினான். உள்ளங்கை காய்த்துப்போயிருந்தால் அடுத்த வரிசைக்குப் போகலாம். வழவழவென்றிருந்தால், "நீ வயக்காட்டு ஆளு இல்லப்பா, கெளம்பு." 1942 ஆகஸ்ட் 4ஆம் தேதி அமெரிக்க அரசும் மெக்சிகோ அரசும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, அமெரிக்க வயல்களுக்கு ஆள் எடுத்த முகாம்களில் நடந்த தேர்வு இது. யுத்தகாலம். பறிக்கவும் அறுக்கவும் பண்ணைகளில் ஆளில்லை. யுத்தம் முடிந்தும் திட்டம் முடியவில்லை. 1964 டிசம்பர் 31 வரை நீடித்தது. மொத்தம் சுமார் 46 லட்சம் ஒப்பந்தங்கள். ஒரே மனிதன் பலமுறை போய்வந்திருக்கிறான் என்பதால் தலைக்கணக்கு இதைவிடக் குறைவு.

திட்டத்தின் பெயர் ப்ரசெரோ. ஸ்பானிய மொழியில் 'ப்ராசோ' என்றால் கை, தோளிலிருந்து தொங்கும் முழுக்கை. ப்ரசெரோ என்றால் கையால் உழைப்பவன், கைக்காரன். நம்மூர்ப் பண்ணையாரும்கூட "நாளைக்கு ரெண்டு ஆள் அனுப்பு" என்றுதான் சொல்வார். கூலியைக் குறைப்பார், சாதியைக் கேட்பார், எல்லாம் செய்வார்; ஆனாலும் சொல்லளவிலாவது ஒரு முழு ஆள் வருகிறான். அங்கே கேட்கப்பட்டது கை மட்டும். அந்தக் கையோடு ஒட்டிக்கொண்டு வருகிற வாய், வயிறு, மனைவி, பிள்ளை, மொழி, ஓட்டு இவையெல்லாம் வேண்டாத சுமை.

அமெரிக்காவில் லத்தீனோ மக்கள் மீதான வெறுப்பு பற்றிப் பேசும்போது வழக்கமாக ஒரு விளக்கம் தரப்படுகிறது. அறியாமையும் பயமும் பிடித்த சில வெள்ளையர்கள் அவர்களை வெறுக்கிறார்கள். உழைப்பின் அருமை தெரிந்த நல்லவர்கள் வரவேற்கிறார்கள். இரண்டுக்கும் இடையில் ஒரு போராட்டம் நடக்கிறது. தாராளவாதிகளுக்கு மிகவும் பிடித்த கதையாடல் இது. வரலாற்றின் ஏடுகளைப் புரட்டினால் கதை வேறு மாதிரி இருக்கிறது. வெறுத்தவனும் வரவேற்றவனும் ஒரு விஷயத்தில் முழு உடன்பாட்டில் இருந்திருக்கிறார்கள்: இவன் தங்கக் கூடாது. அந்த உடன்பாட்டின் வரலாற்றைத்தான் இங்கே பார்க்க முயல்கிறேன். லத்தீனோ என்ற சொல்லுக்குள் போர்ட்டோ ரிக்கோ, க்யூபா, எல் சால்வடோர் என்று பல மக்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய கதைகள் ஒன்றல்ல. நான் பேசப்போவது பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளியினரைப் பற்றி. இந்தக் கணக்கு தொடங்கியது அவர்கள் பெயரில்தான்.

முதலில் வந்தது மனிதர்கள் அல்ல, எல்லை. 1846இல் தொடங்கிய யுத்தம் 1848 பிப்ரவரி 2ஆம் தேதி குவாதலூப்பே இதால்கோ ஒப்பந்தத்தில் முடிந்தபோது, டெக்ஸாஸையும் சேர்த்துக் கணக்கிட்டால் மெக்சிகோ தன் நிலத்தில் பாதிக்கும் மேல் இழந்திருந்தது. அங்கிருந்த சுமார் 80 ஆயிரத்திலிருந்து ஒரு லட்சம் பேர் படுத்திருந்த பாயிலேயே வேறு நாட்டுக்காரர்கள் ஆனார்கள். ஒரு வருஷத்துக்குள் வேண்டாம் என்று சொல்லாதவர்கள் அமெரிக்கக் குடிமக்களாகக் கருதப்படுவார்கள் என்று ஒப்பந்தம் சொன்னது. அவர்களுடைய நிலப் பட்டாக்களை மதிப்பதாகச் சொன்ன பத்தாவது ஷரத்தை அமெரிக்க செனட் வெட்டி எறிந்தது. 1851இல் கலிபோர்னியாவில் ஒரு சட்டம்: உன் நிலம் உன்னுடையதுதான் என்று நீயே நிரூபி. நிரூபிக்க வருஷக்கணக்கில் வழக்கு நடத்தினார்கள். நிலத்தை விற்றுத்தான் வக்கீலுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. வழக்கில் ஜெயித்தவனுக்கும் மிஞ்சியது கொஞ்சம்தான். நிலம் போனவனுக்குக் கைதானே மிச்சம்?

பிறகு ரயில் வந்தது, பருத்தி வந்தது, பீட்ரூட் சர்க்கரை வந்தது. 1882இல் சீனத் தொழிலாளர்கள் வருவதைத் தடைசெய்தார்கள், 1907-08இல் ஜப்பானியர்களை. காலியான இடத்துக்கு மெக்சிகோவிலிருந்து ஆள் பிடித்துவர 'எங்கான்ச்சிஸ்தா' என்ற தரகர்கள் கிளம்பினார்கள். எங்கான்ச்சே என்றால் கொக்கி. முன்பணம் கொடுத்துக் கொக்கியில் மாட்டுகிறவன். நம் சொல்லில் கங்காணி. வேறு விளக்கம் தேவையில்லை.

எல் பாசோ நகரத்தின் பாலத்தில் 1917 ஜனவரி 28ஆம் தேதி நடந்ததைச் சற்று நின்று பார்க்க வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கம் ஹுவாரெஸ் நகரிலிருந்து தினமும் காலையில் டிராமில் ஏறி, எல் பாசோவின் வீடுகளில் பாத்திரம் கழுவவும் துணி துவைக்கவும் பெண்கள் வருவார்கள். டைஃபஸ் காய்ச்சல் பரவுகிறது, பேன் பரப்புகிறது என்று சொல்லி, வருகிறவர்களை நிர்வாணமாக்கி மண்ணெண்ணெய் கலந்த திரவத்தில் குளிக்க வைக்க உத்தரவு போட்டார்கள். எல் பாசோ சிறையில் முந்தைய வருஷம் இதேபோன்ற குளியலில் தீப்பிடித்துக் கைதிகள் செத்திருந்தார்கள். குளிக்கும் பெண்களை அதிகாரிகள் படமெடுக்கிறார்கள் என்ற பேச்சும் இருந்தது. அன்று காலை 17 வயது வேலைக்காரப் பெண் கார்மெலீத்தா தோரெஸ் டிராமிலிருந்து இறங்கி, முடியாது என்று சொல்லிவிட்டாள். கூட வந்த பெண்களையும் சேர்த்துக்கொண்டாள். மதியத்துக்குள் கூட்டம் ஆயிரக்கணக்கில் பெருகி டிராம் நின்றது, பாலம் அடைபட்டது. அவளைக் கைது செய்தார்கள். குளியல் நிற்கவில்லை, பல பத்தாண்டுகள் நீடித்தது. உடல்மீது செயல்படும் அதிகாரம் பற்றிப் பேச நாம் உடனே ஃபூக்கோவைக் கூப்பிடுவோம். கார்மெலீத்தாவுக்கு அவர் தேவைப்படவில்லை. ஆனால் கவனியுங்கள்: நோய் பரப்புகிறவள் என்றால் பாலத்தை மூடியிருக்கலாமே? மூடவில்லை. எல் பாசோவின் பாத்திரங்களை யார் கழுவுவது? அவளைத் தடுப்பதற்காக அல்ல அந்தக் குளியல். உள்ளே விடும்போதே அவள் யார் என்று அவளுக்குச் சொல்லி அனுப்புவதற்கு.

1920களில் இந்த உடன்பாடு வாஷிங்டனில் வெளிப்படையாகவே பேசப்பட்டது. 1924ஆம் வருஷத்துக் குடியேற்றச் சட்டம் தெற்கு, கிழக்கு ஐரோப்பியர்களின் எண்ணிக்கையைக் கடுமையாகக் குறைத்தது, ஆசியர்களை ஏறக்குறைய முழுமையாக விலக்கியது. மெக்சிகோவுக்கு உச்சவரம்பு இல்லை. இனத்தூய்மை பேசியவர்கள் கொதித்தார்கள். டெக்ஸாஸ் உறுப்பினர் ஜான் பாக்ஸ், மெக்சிகர்களுக்கும் உச்சவரம்பு வேண்டுமென்று திரும்பத் திரும்ப மசோதா கொண்டுவந்தார். எதிர்த்தவர்கள் யார்? பண்ணை முதலாளிகள். அவர்களுடைய வாதத்தைப் பாருங்கள். மெக்சிகனும் மனிதன்தானே என்று ஒருவரும் சொல்லவில்லை. 1926இல் பாராளுமன்றக் குழுவின் முன் கலிபோர்னியா விவசாயிகளின் பிரதிநிதி சொன்னது: மெக்சிகன் புறா மாதிரி, சாயங்காலம் கூண்டுக்குத் திரும்பிவிடுவான். பயப்படாதீர்கள், தங்க மாட்டான். எதிர்த்தவரும் ஆதரித்தவரும் ஒரே புறாவைத்தான் பார்த்தார்கள். ஒருவருக்கு அது திரும்புமா என்று சந்தேகம், இன்னொருவருக்கு நிச்சயம்.

இந்தச் சண்டையைத் தீர்த்துவைத்தது 1929 மார்ச் 4ஆம் தேதிச் சட்டம். கொண்டுவந்தவர் தென் கரோலினா செனட்டர் கோல்மன் ப்ளீஸ். லிஞ்சிங்கை மேடையில் நின்று ஆதரித்த வெள்ளை இனவெறியர். சட்டம் யாருடைய எண்ணிக்கையையும் குறைக்கவில்லை. அனுமதியில்லாமல் உள்ளே வருவதைச் சிறைக் குற்றமாக்கியது. வெளியேற்றப்பட்டவன் மறுபடி வந்தால் பெருங்குற்றம். பண்ணைக்காரனுக்கும் வசதி, இனவாதிக்கும் வசதி. வரலாம், ஆனால் குற்றவாளியாக வா. அறுவடை முடிந்ததும் அந்தக் குற்றத்தை ஞாபகப்படுத்தினால் போதும். 'சட்டவிரோதமானவன்' என்ற சொல் சட்டத்தை மீறியவனைக் குறிக்கிறது என்றே நாம் நினைக்கிறோம். அந்தச் சட்டமே அவனைத் தயாரிப்பதற்காகச் செய்யப்பட்டது.

அந்த வருஷமே பொருளாதாரம் சரிந்தது. புறா இப்போது திரும்ப வேண்டும். திரும்பவில்லை. எப்படித் திரும்பும்? வீடு கட்டியிருந்தான், பிள்ளை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தது. 1930 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'மெக்சிகன்' என்று தனியாக ஓர் இனம் சேர்க்கப்பட்டது. அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை, அந்த ஒருமுறை மட்டும். 14 லட்சம் பேர் அந்தக் கட்டத்துக்குள் எண்ணப்பட்டார்கள். எண்ணிய கையோடு அனுப்பத் தொடங்கினார்கள். 1931 பிப்ரவரி 26ஆம் தேதி லாஸ் ஏஞ்சல்ஸின் பழைய சதுக்கத்துப் பூங்காவைச் சுற்றி வளைத்துச் சுமார் 400 பேரை நிறுத்திவைத்து விசாரித்தார்கள். பிடித்தவர்கள் கொஞ்சம்தான். ஊரெல்லாம் பயம் பரவியது, அதுதான் நோக்கம். அடுத்த மாதமே மாவட்ட நிர்வாகத்தின் செலவில் ரயில்கள் புறப்பட்டன. நிவாரண அலுவலகத்தில் போய் நின்றால், உதவிப் பணத்துக்குப் பதில் ரயில் டிக்கெட். "போறியா, இல்ல பட்டினி கெடக்கிறியா?" 1930களில் இப்படிப் போனவர்கள் 4 லட்சத்திலிருந்து 10 லட்சத்துக்கு மேல் வரை என்று வரலாற்றாசிரியர்கள் மாறுபடுகிறார்கள். அவர்களில் 60 சதவீதம் பேர் அமெரிக்கக் குடிமக்கள், பெரும்பாலும் அங்கே பிறந்த பிள்ளைகள், என்பது பலரும் ஏற்கும் மதிப்பீடு.

கேரி மெக்வில்லியம்ஸ் என்ற பத்திரிகையாளர் 1933இல் இந்தக் கணக்கை எழுதி வெளியிட்டார். 6,024 பேரை ரயிலேற்றி அனுப்ப லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டத்துக்கு ஆன செலவு 77,249 டாலர். அவர்களை அங்கேயே வைத்து நிவாரணம் கொடுத்திருந்தால் 4,24,933 டாலர் ஆகியிருக்கும். மிச்சம் மூன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. தலைக்கு 13 டாலர்கூட ஆகவில்லை. இந்த எண்களைப் படிக்கிறபோது அதில் வெறுப்பின் குரலே கேட்கவில்லை என்பதுதான் என்னைத் தொந்தரவு செய்கிறது. காசு பைசா சுத்தமாக, குமாஸ்தாவின் கையெழுத்தில் இருக்கிறது.

இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'தாயகம் திரும்புதல்'. இந்தச் சொல் நமக்குப் புதிதல்ல. 1964 அக்டோபர் 30ஆம் தேதி சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டபோது, மலையகத் தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று பங்கு பிரிக்கப்பட்டார்கள். இலங்கையில் பிறந்து, தேயிலைக்கு வெளியே ஒன்றையும் பார்த்திராதவர்கள் மண்டபத்தில் இறங்கியபோது நாம் அவர்களுக்குக் கொடுத்த பெயரும் 'தாயகம் திரும்பியோர்'. பார்த்தேயிராத ஊருக்கு எப்படித் திரும்புவது என்று லாஸ் ஏஞ்சல்ஸ் பிள்ளைகளும் கேட்டிருப்பார்கள். கலிபோர்னியா அரசு 2005இல் ஒரு சட்டம் போட்டு மன்னிப்புக் கேட்டது. மத்திய அரசு மன்னிப்புக் கேட்கவில்லை.

விரட்டி முடித்துப் பத்து வருஷம்கூட ஆகாமல் கையைக் காட்டு என்று கேட்டுக்கொண்டு வந்தவர்கள்தான் 1942இல் வந்தவர்கள். இந்தமுறை புறாவை நம்பவில்லை; திரும்புவதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டார்கள். ஆண்கள் மட்டும், குடும்பம் கூடாது, குறிப்பிட்ட மாதங்கள், குறிப்பிட்ட பண்ணை. முதலாளியைப் பிடிக்கவில்லை என்றால் வேறு இடம் போக முடியாது. தொடக்க ஆண்டுகளில் கூலியில் 10 சதவீதம் பிடித்துவைக்கப்பட்டது. மெக்சிகோ திரும்பினால்தான் கிடைக்கும் என்றார்கள். திரும்பியவர்களில் ஏராளமானோருக்குக் கிடைக்கவேயில்லை. அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, 2008இல்தான் மெக்சிகோ அரசு ஆளுக்கு 38,000 பெசோ தர ஒத்துக்கொண்டது. எண்பதைத் தாண்டிய கிழவர்கள் அறுபது வருஷத்துப் பழைய காகிதத்தைத் தேடி வீட்டைப் புரட்டினார்கள். எல்லையில் வரிசையாக நிறுத்தி டிடிடி மருந்தை முகத்தில் அடித்தார்கள். 1956இல் லியோனார்ட் நடெல் எடுத்த புகைப்படம் இருக்கிறது. 1917இன் பாலம் ஞாபகத்துக்கு வராமல் அதைப் பார்க்க முடியாது.

வயலில் அவர்களுக்குக் கொடுத்த கருவி 'எல் கோர்த்தீத்தோ', குட்டைக் காம்புக் களைக்கொத்தி. நாள் பூராவும் இடுப்பை மடித்துக் குனிந்தபடி வேலை செய்ய வேண்டும். நீளக் காம்பு இல்லாமலா போயிற்று? காம்பு குட்டையாக இருந்தால் மேஸ்திரிக்கு ஒரு சௌகரியம்: தூரத்தில் நின்று பார்த்தாலே நிமிர்ந்து நிற்கிறவன் வேலை செய்யவில்லை என்று தெரிந்துவிடும். கலிபோர்னியாவில் இது தடைசெய்யப்பட்டது 1975இல். அதற்குள் ஒரு தலைமுறையின் முதுகெலும்பு போய்விட்டது.

முதுகு என்றதும் இன்னொரு சொல். ரியோ கிராந்தே ஆற்றை நீந்தி அனுமதியில்லாமல் வந்தவனுக்கு அமெரிக்க ஆங்கிலத்தில் பெயர் 'வெட்பேக்', ஈர முதுகன். காகிதத்தோடு வந்தால் கை, காகிதமில்லாமல் வந்தால் முதுகு. ஒரே கிராமத்திலிருந்து அண்ணன் கையாகவும் தம்பி முதுகாகவும் ஒரே வயலில் நின்றார்கள். 1940களின் கடைசியில் 'உலர்த்துதல்' என்றொரு நடைமுறை இருந்தது. அனுமதியில்லாமல் வேலை செய்துகொண்டிருப்பவனைப் பிடித்து எல்லைக்குக் கொண்டுபோய், அந்தப் பக்கம் ஒரு காலடி வைக்கச் சொல்லி, உடனே ஒப்பந்தக் காகிதம் கொடுத்து அதே பண்ணைக்குத் திருப்பிக் கூட்டிவருவார்கள். ஈரம் காய்ந்துவிட்டது. முதுகு கையாகிவிட்டது. 1954 ஜூனில் 'ஆபரேஷன் வெட்பேக்' என்று அந்த வசைச்சொல்லையே அரசு தன் நடவடிக்கைக்குப் பெயராக வைத்தது. நடத்தியவர் ஜோசஃப் ஸ்விங் என்ற ஓய்வுபெற்ற ராணுவ ஜெனரல். பத்து லட்சத்துக்கு மேல் என்று அரசு பெருமையடித்த எண்ணிக்கையை ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. ஆனால் மெக்சிகாலியில் 112 டிகிரி வெயிலில் கொண்டுபோய்த் தள்ளப்பட்டவர்களில் 88 பேர் செத்தது பதிவாகியிருக்கிறது. வெளியேற்றப்பட்டவர்களை ஏற்றிச்சென்ற ஒரு கப்பலின் பெயர் 'விடுதலை'. நான் கற்பனை செய்யவில்லை. இதே ஆண்டுகளில் ப்ரசெரோ ஒப்பந்தங்கள் இரண்டு மடங்காகப் பெருகின என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் படம் முழுமையாகும். விரட்டியதும் கூட்டிவந்ததும் ஒரே அரசு, ஒரே பருவம்.

1948 ஜனவரி 28 (எல் பாசோப் பாலத்தில் கார்மெலீத்தா இறங்கிய அதே தேதி) கலிபோர்னியாவின் லாஸ் கட்டோஸ் பள்ளத்தாக்கில் ஒரு விமானம் விழுந்து 32 பேர் இறந்தார்கள். விமானி உள்ளிட்ட 4 அமெரிக்கர்களின் பெயர் செய்தியில் வந்தது. மீதி 28 பேர் மெக்சிகோவுக்குத் திருப்பியனுப்பப்பட்டுக்கொண்டிருந்த தொழிலாளர்கள்; அவர்கள் 'வெளியேற்றப்படுவோர்', அவ்வளவுதான். ஃப்ரெஸ்னோ நகரக் கல்லறையில் ஒரே குழியில் புதைத்து, 28 மெக்சிகோக் குடிமக்கள் என்று எழுதிவைத்தார்கள். வுடி கத்ரி இதைப் பற்றி எழுதியது பிற்பாடு பாட்டாகிப் பரவியது. பாட்டு பிரபலமாகியும் பெயர்கள் வெளிவர 65 வருஷம் பிடித்தது. டிம் ஹெர்னாண்டஸ் என்ற எழுத்தாளரும் வேறு சிலரும் தேடியெடுத்து 2013இல் கல்லில் பொறித்தார்கள். எழுதுகிறவர்களுக்கு இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. அனுதாபத்துக்குப் பெயர் தேவைப்படவில்லை. பெயரைத் தேடியவன் கல்லறைப் பதிவேட்டில் தூசி தட்ட வேண்டியிருந்தது.

நம் இடதுசாரி நண்பர்களுக்கும் ஒன்று சொல்லியாக வேண்டும். ப்ரசெரோ திட்டம் 1964இல் முடிந்ததும்தான் வயல் தொழிலாளர் சங்கத்துக்குக் கதவு திறந்தது. 1965இல் டெலானோ திராட்சை வேலைநிறுத்தத்தை லாரி இட்லியோங் தலைமையில் ஃபிலிப்பினோத் தொழிலாளர்கள் தொடங்க, செசார் சாவேஸின் சங்கம் சேர்ந்துகொண்டது. மகத்தான போராட்டம், சந்தேகமில்லை. அதே வருஷம் வந்த புதிய குடியேற்றச் சட்டம், 1968 முதல் மேற்கு அரைக்கோளம் முழுவதற்கும் ஆண்டுக்கு 1,20,000 என்று முதல்முறையாக உச்சவரம்பு விதித்தது. போக்குவரத்து நிற்கவில்லை, காகிதம்தான் நின்றது. நேற்றுவரை கையாக வந்தவன் ஒரே இரவில் முதுகானான். முதலாளிகள் அவனை வேலைநிறுத்தத்தை உடைக்கப் பயன்படுத்தினார்கள். சங்கம் என்ன செய்தது? 1974இல் அரிசோனா எல்லையில் கூடாரமடித்துத் தானே காவல் நின்றது. 'ஈரக் கோடு' என்று அதற்குப் பெயர். கடந்து வந்தவர்கள் அடிக்கப்பட்டார்கள். சங்கத்தில் இருந்தவர்களும் மெக்சிகோக்காரர்கள், அடி வாங்கியவர்களும் மெக்சிகோக்காரர்கள். பெர்ட் கொரோனா போன்றவர்கள் 1968இலேயே லாஸ் ஏஞ்சல்ஸில் 'காஸா' அமைப்பைத் தொடங்கி, காகிதமில்லாதவனையும் சங்கத்தில் சேர் என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அந்த வாதத்தைக் கேட்க அமெரிக்கத் தொழிற்சங்கங்களின் தலைமைக்கு 2000 வரை ஆயிற்று.

எண்பதுகளை வேகமாகக் கடக்கிறேன். எல் சால்வடோரிலும் குவாதமாலாவிலும் அமெரிக்கப் பணத்தில் நடந்த கொலைகளிலிருந்து ஓடிவந்தவர்கள் தஞ்சம் கேட்டபோது நூற்றுக்கு மூன்று பேருக்குக்கூடக் கிடைக்கவில்லை. கம்யூனிச நாட்டிலிருந்து வந்தவன் அகதி. நாம் ஆயுதம் கொடுத்த நாட்டிலிருந்து வந்தவன் பிழைக்க வந்தவன்.

1994ஆம் வருஷம் மூன்று தேதிகள். ஜனவரி 1: வட அமெரிக்கச் சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் அமலாகிறது, சோளமும் மூலதனமும் எல்லை கடக்கலாம். அக்டோபர் 1: சான் தியேகோவில் 'வாயிற்காவலன்' நடவடிக்கை; வேலியும் விளக்கும் போட்டு மனிதர்களைக் கிழக்கே பாலைவனத்துக்குத் தள்ளுகிறார்கள், பின் வந்த ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் அங்கே தாகத்தில் செத்தார்கள். நவம்பர் 8: கலிபோர்னியா மக்கள் 187ஆம் பிரேரணைக்கு 59 சதவீத ஓட்டுப் போடுகிறார்கள். காகிதமில்லாத பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது, அவசரம் தவிர மருத்துவம் கிடையாது, சந்தேகப்பட்டால் ஆசிரியரே காட்டிக்கொடுக்க வேண்டும். நீதிமன்றம் இதைத் தடுத்தது வேறு விஷயம். பிரேரணையை வைத்துத் தேர்தலில் ஜெயித்த ஆளுநர் பீட் வில்சன் யார்? 1985இல் செனட்டராக இருந்தபோது, அழுகும் பயிர் போடுகிற பண்ணைக்காரர்களுக்காக வெளிநாட்டுத் தற்காலிகக் கூலிகளைக் கொண்டுவரும் திருத்தத்தை முன்மொழிந்தவர். மனம் மாறிவிட்டார் என்கிறார்கள். எங்கே மாறினார்? 85இல் கேட்டது கையை, 94இல் வேண்டாமென்றது பிள்ளையை. இரண்டும் ஒரே வாக்கியத்தின் இரண்டு பாதிகள்.

2010இல் அரிசோனா ஒரு சட்டத்தின் மூலம் டூசான் நகரப் பள்ளிகளில் மெக்சிகோ-அமெரிக்க வரலாற்றுப் பாடத்தைக் குறிவைத்தது. 2012இல் பாடம் நின்றது, புத்தகங்களைப் பெட்டியில் போட்டு வகுப்பறையிலிருந்து தூக்கிப்போனார்கள். இனத் துவேஷத்தால் செய்யப்பட்டது என்று நீதிமன்றம் சொன்னது 2017இல். 2019 ஆகஸ்ட் 3ஆம் தேதி எல் பாசோவில், அதே எல் பாசோவில், கடைக்குச் சாமான் வாங்க வந்தவர்கள் மீது ஒருவன் சுட்டதில் 23 பேர் இறந்தார்கள். அவன் எழுதிவைத்திருந்த சொல் 'படையெடுப்பு'. அந்தச் சொல்லை அவன் கண்டுபிடிக்கவில்லை. தேர்தல் மேடைகளிலிருந்து எடுத்துக்கொண்டான்.

2025 ஜூனில் லாஸ் ஏஞ்சல்ஸில் தேடுதல் வேட்டை தொடங்கியது. 1931இல் பூங்கா, இந்தமுறை கார் கழுவுமிடங்கள், மரச்சாமான் கடை வாசலில் கூலிக்காரர்கள் கூடும் இடங்கள், பஸ் நிறுத்தங்கள். ஜூலையில் ஒரு மாவட்ட நீதிபதி, நான்கு விஷயங்களை மட்டும் வைத்து ஒருவரை நிறுத்திப் பிடிக்கக் கூடாது என்று உத்தரவிட்டார்: பார்ப்பதற்கு எந்த இனமாகத் தெரிகிறார், ஸ்பானிஷ் பேசுகிறாரா, எந்த இடத்தில் நிற்கிறார், என்ன வேலை செய்கிறார். செப்டம்பர் 8ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. நான்காவதைத் திரும்ப ஒருமுறை படியுங்கள். என்ன வேலை செய்கிறார். அதைத் தெரிந்துகொள்ள, கையைக் காட்டு என்று கேட்டால் போதும்.